பதினோரு மணி நேரத் தூரம்

விமானத்துக்குப் பின்படிக்கட்டு வந்து சேரும்வரை ஆறு துப்புரவுப் பெண்களும் துணி, பை, தூசி உறிஞ்சும் மெஷினோடு வெயிலில் நின்றார்கள். பெரியக்காவின் வாய் மட்டும் நிற்கவில்லை.

"ஒம்பதாயிரம் கிலோமீட்டர்டி! பதினோரு மணி நேரம். இதே பிளேன்லதான் என் பொண்ணு நர்ஸ் வேலைக்குப் போறா."

விமான நிலையத்துக் காக்கைக்குக்கூட அது மனப்பாடம்.

"காலையில வேன்ல எட்டாயிரம்னுதானே சொன்னே?" என்றாள் ஒல்லி. "இன்னும் நாலு படி ஏறினா, உன் பொண்ணு உலகத்தைச் சுத்தி நம்ம பின்னாலயே வந்து நிப்பா போலிருக்கே!"

"வரட்டுமே. ஒரு தடவை பார்த்துக்கறேன்."

சிரிப்பு அடங்கியது. மகளை வழியனுப்ப ஒரு மணி நேரம் கேட்டிருந்தாள் பெரியக்கா. ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டார். பயணிகள் முன்வாசலில் ஏறுவதற்குள் இவர்கள் பின்வாசலில் இறங்கிவிட வேண்டும்.

மகளுக்கு முப்பத்தொன்றாம் வரிசை, ஜன்னலோரம். பெரியக்கா துடைத்த துடைப்பில், கண்ணாடி இருக்கிறதா என்று ஒல்லி விரலால் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இருக்கையில் எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஒரு மிட்டாய் கிடந்தாலும் வேலை போய்விடும். சுத்தம் முடிந்ததற்கு அடையாளமாக பெல்ட்டைக் குறுக்கே மடித்து வைக்கலாம், அவ்வளவுதான். பெரியக்கா அதை இரண்டு பக்கமும் காது விட்டு மடித்தாள். பள்ளிக்கூட நாட்களில் மகள் சடையில் கட்டிவிட்ட அதே ரிப்பன்.

"இது என்ன கூத்து?" சூப்பர்வைசர் வந்துவிட்டார். "எல்லா சீட்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு தெரியாதா?" சொல்லிவிட்டு முன்பக்கக் கழிப்பறையைச் சோதிக்கப் போனார்.

ஒல்லி மற்றவர்களைப் பார்த்தாள். "காதுல விழுந்துச்சுல்ல? ஒரே மாதிரி இருக்கணுமாம்."

அவர் திரும்பி வருவதற்குள், ஒரு பள்ளிக்கூடமே சடை பின்னிக்கொண்டு வெளியூர் கிளம்பியதுபோல விமானம் முழுக்க ரிப்பன் பூத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார். முன்வாசலில் பயணிகள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். மூடிக்கொண்டார்.

"பத்தாயிரம் கிலோமீட்டர்," என்றாள் பெரியக்கா, படியிறங்கிக்கொண்டே. "இருக்கும், இருக்கும்," என்றாள் ஒல்லி.

அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை. சூப்பர்வைசர் பெரியக்காவையே நிறுத்திக்கொண்டார். இரண்டு ஷிப்டும் முடிந்து, லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஊழியர் வாசல் சோதனை வரிசையில் நின்றபோதுதான் மகளின் செய்திகளைப் பார்த்தாள். முதலில் ரிப்பன் பெல்ட்டின் படம். "அவுக்க மனசே வரலைம்மா." அதற்குக் கீழே: "வந்து இறங்கிட்டேன். நீ வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?"

"பதினோராயிரம் கிலோமீட்டர்! போய் இறங்கிட்டா என் பொண்ணு," என்று காவல்காரப் பெண்ணிடம் போனைக் காட்டினாள்.

"சந்தோஷம்க்கா," என்றபடி அவள் பெரியக்காவின் காலிச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கவிழ்த்துத் தட்டினாள். "செருப்பைக் கழட்டுங்க. கையைத் தூக்குங்க."

பெரியக்கா வெறுங்காலோடு மஞ்சள் கோட்டில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள். வலது கையில் போன் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.