ஊட்டி வண்டியின் கண்ணாடி

ஆயுத பூஜைக்கு மறுநாள் உக்கடத்து மோட்டார் ஷெட்டில் வண்டி கழுவுகிற ஆள் வரவில்லை. கழுவுகிற கல்தளத்தில் ஊட்டிக்கு ஓடுகிற பஸ் வண்டி முகமெல்லாம் சந்தனத்தோடு நின்றது. பூஜையில் ஆளாளுக்கு ஒரு கை அப்பியிருந்தார்கள். டிரைவருக்கு எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியையும் விடவில்லை. அதன்மேல் குங்குமம் வழிந்து காய்ந்திருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் குடியிருந்த ராசாத்தாள், தான் கழுவுவதாகச் சொல்லி வாளியை எடுத்தாள். அந்த வண்டியை ஓட்டுவது அவள் புருஷன் குமாரசாமி. தண்ணீர் விட்டுத் தேய்த்ததில் சந்தனம் போயிற்று, கறை போகவில்லை. சுரண்டினால் கீறல் விழும் என்று பயந்தாள். வீட்டில் மாரியம்மன் படத்துக் கண்ணாடியில் இப்படிக் கறை பிடித்தால் எண்ணெய் தொட்டுத்தான் எடுப்பாள். அதேபோல விளக்கெண்ணெயில் துணியை நனைத்து வந்து துடைத்தாள். கறை கரைந்தது. பிறகு உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாள். வெயிலில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

"கண்ணாடியக் கழட்டிப்போட்டயா புள்ள?" என்று குமாரசாமி உள்ளேயிருந்து கையை நீட்டிக் காற்றைத் தொடுவது போல் தொட்டுப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வண்டி நிறைய ஜனத்தோடு கிளம்பிப் போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் பொங்கியண்ணன் கை துடைக்க அந்தத் துணியை எடுத்து முகர்ந்தார்.

"இதென்னங்க அம்மணி, வெளக்கெண்ணெ வாடை?"

அவள் பெருமையாகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஷெட்டில் என்ஜின் கழற்றி நின்ற ஒரு காரின் கண்ணாடியில் அந்தத் துணியை ஒரு இழுப்பு இழுத்து, அவளை உள்ளே உட்காரச் சொன்னார். வெளியே நின்று தண்ணீரைத் தெளித்தார். அவ்வளவுதான். குளத்துக் கரை, புளியமரம், எதிரே நின்ற பொங்கியண்ணன் எல்லாம் ஒரே வெள்ளைக் கரைசலாகிவிட்டன. அவர் வைப்பரை ஆட்டினார். கரைசல் இன்னும் கெட்டியாகிப் பரவியது.

"பழைய வண்டின்னா கண்ணாடியத் தூக்கி உட்டுட்டு ஓட்டலாங்க. இது புது வண்டி, தெறக்காது."

"மழை பேஞ்சாத்தானுங்களே?"

அவர் வடக்கே கையைக் காட்டினார். நீலகிரி இருந்த இடத்தில் மலை இல்லை. கருப்பாக மேகம்தான் இருந்தது.

முதலாளி அன்னூருக்குப் போயிருந்தார். ஷெட்டில் ஓடுகிற வண்டி வேறு இல்லை. ராசாத்தாள் வீட்டுக்கு ஓடி, தலையில் எண்ணெய் போகத் தேய்க்கிற அரப்புத் தூளை முந்தானையில் முடிந்துகொண்டு ரோட்டுக்கு வந்தாள். எதிர்க் கம்பெனியின் மேட்டுப்பாளையம் வண்டி புறப்பட நின்றது. அந்த வண்டிக்காரர்களும் இவர்களும் முகம் பார்ப்பதில்லை. ஒருவரை ஒருவர் முந்துவதே அவர்களுக்குப் பிழைப்பு. அவள் ஒருநாளும் தனியாக எந்த வண்டியிலும் ஏறியதில்லை.

"ஏனுங்க," என்றாள். என்ஜின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "முன்னால போன ஊட்டி வண்டியப் புடிக்கோணுங்க."

டிரைவர் ரசாக் குனிந்து பார்த்தான். "யாரு ஓட்டறாங்க?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"பேரு இல்லீங்களா அவுருக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை அவள் வாயில் எடுத்ததே கிடையாது.

"குமாரசாமிதானே? போன வாரம் காரமடையில எம் மூஞ்சியில புழுதிய அடிச்சுட்டுப் போனான். அவனை நான் புடிக்கிறதா? புடிச்சா மால போடோணுமாக்கும்!" வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கண்ணாடியில எண்ணெ போட்டுத் தொடச்சுப்போட்டேனுங்க. மலையில மழைங்க."

சிரிப்பு நின்றது. ரசாக் வடக்கே பார்த்தான். வாயிலிருந்த பீடியைத் துப்பினான்.

"ஏறுங்கம்மா."

காரமடை தாண்டியதும் முதல் துளி விழுந்தது. ரசாக்கின் கண்ணாடியில் துளிகள் உருண்டு ஓடின, பாதை தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி வண்டி இல்லை. இப்போதுதான் கல்லாறு பக்கம் போனதாகக் கடைக்காரர் சொன்னார். ரசாக்கின் வண்டி அந்த ஊரோடு சரி. ஜனங்களை இறக்கிவிட்டு, அவளிடம் ஒன்றும் கேட்காமல், மலைப் பாதையில் விட்டான்.

மழை இப்போது கொட்டியது. கல்லாறு தாண்டி, வளைவுக்கு மேல் வளைவாக ஏறினார்கள். ஒரு திருப்பத்தில் ஊட்டி வண்டியின் பின்புறம் தெரிந்தது. அது பாதையின் நடுவில் இல்லை. பள்ளத்துப் பக்கம் நட்டிருந்த கற்களை ஒட்டி, தடவித் தடவிப் போனது.

ரசாக் ஹாரனை அமுக்கினான். ஊட்டி வண்டி வேகமெடுத்தது.

மறுபடி அமுக்கினான். அது இன்னும் வேகமாகப் போனது. ரசாக் சுட்டுவிட்டது போல ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

"அல்லா! பந்தயத்துக்குக் கூப்படறேன்னு நெனச்சு ஓட்டறான். ஹாரனுக்கு நிக்க மாட்டான். நீங்க கூப்புடுங்கம்மா!"

அவள் பக்கத்துத் திறப்பில் தலையை நீட்டினாள். "ஏனுங்க! ஏனுங்க!" மழை அதை அடித்துப் போட்டது. மலைப் பாதையில் யார் வேண்டுமானாலும் ஏனுங்க என்று கூப்பிடலாம். முன்னால் போன வண்டியின் பின் சக்கரம் ஒரு கல்லில் உரசியது. கல் பெயர்ந்து கீழே போனது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

"குமாரசாமி!" என்று அவள் கத்தினாள். "குமாரசாமி! நில்லு! குமாரசாமி!"

பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். ஷெட்டில் தினமும் பார்க்கிற ராசாத்தாள் என்று தெரிந்ததும் அவன் முகம் மாறியது. விசிலை ஊதிக்கொண்டே வண்டியின் பக்கத்தைப் படபடவென்று தட்டினான். வண்டி நின்றது. முன் சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு கல்தான் இருந்தது.

குமாரசாமி இறங்கி அந்தச் சக்கரத்தைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எண்ணெ போட்டது நாந்தானுங்க," என்றாள் அவள்.

அவன் காதில் அது ஏறினதாகத் தெரியவில்லை. "வெள்ளையாத் தெரிஞ்சுது புள்ள. ரோடுன்னு நெனச்சு அந்தப் பக்கம் ஒடிச்சுட்டே வந்தேன்."

அவன் கை காட்டிய பக்கம் பள்ளத்தில் மூடுபனிதான் வெள்ளையாகக் கிடந்தது.

அவள் அரப்பை மழைத் தண்ணீரிலேயே குழைத்துக் கண்ணாடியில் தேய்த்தாள். நுரை பச்சையாக வழிந்தது. கண்ணாடி தெளிந்தது. ஆனால் ஓரத்து ரப்பரில் ஊறியிருந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் இறங்கியது. அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது, ரசாக்கின் வண்டி முந்திப் போகவும் இடமில்லை. குளிரில் குழந்தைகள் அழுதன. இருட்டுவதற்குள் குன்னூர் போக வேண்டும், அதுவரை யாராவது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். கண்டக்டரோ ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டியவன்.

ராசாத்தாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரைவர் பக்கத்துப் படிமேல் ஏறி நின்றாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள். இன்னொரு கையில் அரப்புத் துணி. அவளுக்குக் கீழே படியின் விளிம்பு, அதற்குக் கீழே மூடுபனி.

"உழுந்துபோடுவே புள்ள," என்றான் அவன்.

"நீங்க ரோட்டப் பாருங்க."

ரசாக் பின்னாலேயே, ஹாரன் அடிக்காமல் வந்தான். வண்டி ஏறியது. அவள் துடைத்தாள்.

"தெரியுதுங்களா?"

"தெரியுது."

அடுத்த வளைவில் கேட்டாள். தெரியுது என்றான். அதற்கு அடுத்ததில் கேட்டபோது பதில் வரவில்லை. அவள் கம்பியை விட்டு இரண்டு கையாலும் துடைத்தாள்.

"தெரியுதுங்களா? சொல்லுங்க, தெரியுதுங்களா?"

"தெரியுது, தெரியுது. நீ கம்பியப் புடி."