இடது கையால் நாற்பது பக்கம்

தையல்காரரின் மனைவி பள்ளியில் ஓவிய ஆசிரியை. ஆறு வருடமாக ஒரு படக்கதை வரைந்துகொண்டிருந்தாள். அதன் நாயகி பறக்க மாட்டாள், மலையைத் தூக்க மாட்டாள். எத்தனை முறை அடிபட்டு விழுந்தாலும் எழுந்துவிடுவாள். அவளுடைய சக்தி அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு சக்தியா? பக்கத்து வீட்டுப் பூனைக்குக்கூட இருக்கு" என்று தையல்காரர் கிண்டலடித்தார்.

"பூனை எழுந்தா மீன் கிடைக்கும். இவ எழுந்தா அடுத்த அடிதான் கிடைக்கும். தெரிஞ்சும் எழுந்திருக்கறா இல்ல?"

அடி வரைந்தவளுக்கே விழத் தொடங்கியது. வரைந்து முடித்த பக்கங்கள், அலமாரிக்கு மேலே தண்ணீர்க் குழாய் உடைந்ததில் நனைந்து கூழாகிப்போயின. முழுவதையும் மறுபடி வரைந்தாள். அதை வாங்கிக்கொண்ட பதிப்பாளர், அச்சுக்குப் போகவேண்டிய வாரத்தில் கடையை மூடிவிட்டார். அலைந்து திரிந்து இன்னொரு பதிப்பகத்தைப் பிடித்தாள். அங்கிருந்த பதிப்பாசிரியை, கடைசி நாற்பது பக்கங்களைப் புதிதாகக் கேட்டார். வரைய உட்கார்ந்த இரண்டாம் நாள், பள்ளி மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்க இரண்டு மாதமாகும் என்றார் மருத்துவர்.

"போதும்மா, விட்டுடு. உனக்கும் இந்தக் கதைக்கும் ராசியே இல்ல" என்றார் தையல்காரர்.

மறுநாள் அவருடைய தையல் மேசையின் ஒரு மூலையில் இடம் பிடித்துக்கொண்டு, இடது கையில் பென்சிலோடு உட்கார்ந்தாள். கோடு பாம்பாக நெளிந்தது. முகம் பூசணிக்காயானது. அழுதாள், மூக்கைத் துடைத்தாள், அடுத்த தாளை எடுத்தாள். துணி வெட்டும் சாக்கில் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் வாரம், தாள் நகராதபடி ஆறிப்போன இஸ்திரிப்பெட்டியை அதன் ஓரத்தில் தூக்கி வைத்தார். அதன் பிறகு விட்டுவிடச் சொல்லவே இல்லை.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பே நாற்பது பக்கமும் முடிந்தன. இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"கோடு ஏன் இப்படி நடுங்குது?" என்று கேட்டார் பதிப்பாசிரியை.

"இடது கை மேடம். வலது கை ஒடிஞ்சிருக்கு" என்று தையல்காரர் முந்திக்கொண்டார்.

"சரியாகட்டும்னு காத்திருக்கலாமே?"

"காத்திருந்தா வேற எதாவது ஒடிஞ்சிருக்கும்" என்றாள் மனைவி.

பதிப்பாசிரியை சிரித்துவிட்டார். சிரித்த கையோடு பன்னிரண்டு பக்கங்களைத் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "இதுல முகமே புரியல. இதை மட்டும் மாத்திக் குடுங்க. மத்ததுல கை வைக்காதீங்க, அந்த நடுக்கம் உங்க நாயகிக்குப் பொருத்தமா இருக்கு."

பன்னிரண்டையும் வரைந்தாள். புத்தகம் வந்தது. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் தையல்காரர் அதை நீட்டினார்.

"யாரு வரைஞ்சது?"

"எங்க வீட்டுக்காரம்மா. ரெண்டு கையாலயும்" என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்து, வந்தவரின் தோளில் வைத்தார்.