மூவாயிரத்தில் முப்பது

ஓர் உயிரின் விலை சில்லறைக்கு ஏழு, மொத்தமாக எடுத்தால் ஆறரை. அதற்கும் கீழே பேசிப் பார்க்கலாம் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். முட்டைக்கடைக்காரிக்குச் சந்தையில் 'கறார்' என்றே பெயர். அந்தப் பெயர் நிலைத்துப்போய், பெற்றவர்கள் வைத்த பெயர் ரசீதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மட்டும் பிழைத்திருந்தது.

அன்று காலை ஐந்தரை மணிக்குக் கறார் கடை வாசலில் நின்று ஜீப்பின் பின்பக்கத்தில் மெத்தை விரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக் கட்டிலின் மெத்தை அது. சற்று முன்புவரை அதில் அவள் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தான். உருவும்போது கண் விழித்தவன், தலையணையாவது மிஞ்சுமா என்று மட்டும் கேட்டான். மிஞ்சவில்லை. மெத்தையின் மேல் அட்டைக்கு முப்பது முட்டையாக நூறு அட்டைகள், பத்துப் பத்தாகப் பத்து அடுக்கு. இடுக்கெல்லாம் வைக்கோல் திணித்து, பழைய சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டினாள். முட்டையை நெருக்கி வைத்தால் உடையாது, ஆட இடம் கொடுத்தால்தான் உடையும் என்பது பதினான்கு வருடத்தில் அவள் படித்த படிப்பு.

மலைக்கு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை தோண்டுகிறார்கள். முந்நூறு பேர் சாப்பிடும் முகாம். தார் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாளில் போய்ச் சேரும். மலையின் முதுகில் ஏறி இறங்கும் கல்தடத்தில் போனால் ஒரே பகல். பொருள் கிளம்பிய அன்றே வந்து சேர வேண்டும், மூவாயிரத்தில் முப்பது வரை உடையலாம், முப்பத்தொன்று ஆனால் வந்த வழியே திரும்பிவிடலாம் என்று முகாமின் ஸ்டோர் கீப்பர் போனில் சொல்லியிருந்தார். தேறினால் மூன்று வருடத்துக்கு வாரம் ஒரு லோடு. தேறாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். தெருமுனையில் பெரிய கடை வந்ததிலிருந்து வியாபாரம் பாதியாகிவிட்டது. புருஷன் பெரிய ஊரில் ஒரு கிடங்கில் வேலைக்குப் பேசி முடித்தே விட்டான். இந்த லோடு போய்ச் சேராவிட்டால் கடைச்சாவியைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்றான். கறார் தலையை ஆட்டினாள். தலை ஆட்டியதை மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

ஜீப் கொழுந்தனுடையது. அவனை 'ராக்கெட்' என்பார்கள். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் அலறவிடுவது அவன் தொழில். எவ்வளவு அலறுகிறார்களோ அவ்வளவு இனாம். நாலு மணி நேரத்தில் மலையைத் தாண்டியவன் என்று அவனே சொல்லிக்கொள்வான், மற்றவர்களும் மறுக்கமாட்டார்கள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவனின் சட்டைப்பையில் கறார், முன்வரிசை அடுக்கின் மேல் அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துப் போட்டாள்.

"என்ன அண்ணி இது?"

"ஒண்ணு உன் பொறுப்பு. மீதி என் பொறுப்பு."

"இதை வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுறது?"

"முட்டை வெச்சிருக்கவன் மாதிரி ஓட்டு."

கல்குவாரி தாண்டியதும் தார் முடிந்தது. ராக்கெட் இறங்கி நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினான். கல்லின் மேல் டயர் குழைந்து ஏற வேண்டும் என்றால் அதுதான் வழி. அந்த ஒரு காரியத்தில் அவனைக் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு ஏற்றம். ஆட்டுமந்தை படுத்துக் கிடப்பதுபோல் தடமெங்கும் உருண்டைப் பாறைகள். ஒவ்வொன்றின் மேலும் முன்சக்கரம் ஏறி, ஒரு கணம் நின்று யோசித்து, இறங்கியது. ராக்கெட்டின் இடது கை கியரிலும் வலது கை ஸ்டியரிங்கிலும் இருந்தாலும், அவன் முழுக் கவனமும் நெஞ்சுக்கு இடப்பக்கம் இருந்தது. மூச்சைக்கூட அளந்து விட்டான். கறார் முன்னால் பார்க்கவேயில்லை. ஜன்னல் பக்கம் விழுந்த பள்ளத்தில் மேகம் கிடந்தது. அலறியவர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் காசு கொடுத்தார்கள். அவள் பின்னால் திரும்பி உட்கார்ந்து அட்டைகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள். அட்டை உரசுவது ஒரு சத்தம். ஓடு விரிவது வேறு சத்தம். மேடு ஏறி முடிப்பதற்குள் இரண்டாவது சத்தம் ஏழு முறை கேட்டது.

மலையின் முதுகில் மரம் இல்லை, புல்கூட யோசித்துத்தான் முளைத்திருந்தது. காற்று ஜீப்பைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தது. அங்கே பின்னாலிருந்து ஒரு ஜீப் ஹாரன் அடித்தபடி புழுதியைக் கிளப்பிக்கொண்டு தாண்டியது. ஓட்டியவன் ராக்கெட்டின் தொழில் எதிரி. தலையை வெளியே நீட்டி, "என்னப்பா ராக்கெட், புஸ்ஸாயிடுச்சா?" என்றான். அவன் வண்டியிலிருந்த சுற்றுலாக்காரர்கள் புரியாமலேயே சிரித்தார்கள். ராக்கெட்டின் கால் ஆக்ஸிலரேட்டரில் துடித்ததைக் கறார் பார்த்தாள். அவன் சட்டைப்பையைப் பார்த்தாள், அவ்வளவுதான். கால் அடங்கியது. அடுத்த அரை மணி நேரம் அவன் அவளோடு பேசவில்லை. பேசாதவன் நன்றாக ஓட்டுவான் என்பதால் அவளும் சமாதானம் செய்யப் போகவில்லை.

இறக்கத்தில் ஓர் ஆறு. முழங்கால் ஆழம்தான். ஆனால் பாதி தாண்டும்போது பின்சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே வழுக்கி உட்கார்ந்தது. ஜீப் ஒருபக்கமாகச் சாய, அடுக்குகள் மொத்தமாக டியூப்பின் மேல் சரிந்தன. பின்னாலிருந்து வந்த சத்தத்தை அவளால் எண்ண முடியவில்லை. சீட்டைத் தாண்டிப் பின்னால் குதித்து, முதுகை ஜீப்பின் தகட்டில் கொடுத்து, இரண்டு கையாலும் அடுக்குகளை நிமிர்த்திப் பிடித்தாள். மூன்று வருடமும் ஒரு கடையும் நெஞ்சில் வந்து சாய்ந்ததுபோல் கனத்தது.

"நான் புடிச்சிருக்கேன். நீ கல்லு வை."

ராக்கெட் தண்ணீரில் இறங்கினான். ஜாக்கி வைக்கத் தரை இல்லாமல், ஜீப்புக்கு அடியில் ஊர்ந்து போய், பனித்தண்ணீரில் குப்புறக் கிடந்து ஒவ்வொரு கல்லாகத் தேடிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். முக்கால் மணி நேரம். அவளுக்குக் கை மரத்து, பிறகு வலித்து, மறுபடி மரத்தது. ஏழு கல் அடுக்கிய பிறகு ஜீப் நிமிர்ந்தது. வெளியே வந்தவன் குளிரில் பல் கிட்டித்தபடி குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். பையிலிருந்து இடுப்புவரை மஞ்சள் வழிந்திருந்தது. அவன் மட்டுமல்ல, அவளும் அதை மறந்துபோயிருந்தாள்.

கறார் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அதுவும் கணக்கில் ஒன்றுதானே.

வெளிச்சம் இருக்கும்போதே முகாமுக்கு வந்துவிட்டார்கள். ஸ்டோர் கீப்பர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அட்டை அட்டையாகப் பேனா முனையால் தொட்டு எண்ணினார். அவசரமே இல்லாத மனிதர். ஆறாவது அடுக்கில் பத்தொன்பது. ஒன்பதாவது முடியும்போது இருபத்தேழு. கடைசி அடுக்கின் மேல் அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தது. அவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை, ஓடும் இல்லை. அந்த அட்டையைத் தனியாக வைத்துவிட்டு மீதியை எண்ணினார். இன்னும் மூன்று. முப்பது.

"இங்க ஒண்ணு உடையல, ஆனா இல்ல. அது எங்க போச்சு?" என்றார்.

ராக்கெட் சட்டைக்கு மேல் ஒரு கோட்டை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். பண்ணையிலேயே ஒன்று குறைவாக வைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள் என அவள் காதருகே முணுமுணுத்தான். அதைவிட நல்ல பொய் அவளுக்கே நாலு தெரியும். சந்தையில் பிறந்தவள். ஆனால் மூன்று வருடம் எண்ணப்போகிற மனிதரிடம் முதல் நாளே எண்ணிக்கையில் கை வைத்தால், பிறகு ஒவ்வொரு வாரமும் வைக்க வேண்டியிருக்கும்.

"கோட்டைத் தொற," என்றாள் கொழுந்தனிடம்.

மஞ்சள் காய்ந்து விறைத்துப்போன சட்டையை ஸ்டோர் கீப்பர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஜீப்புல உடைஞ்சதா?"

"ஜீப்புல உடையலைங்க. ஜீப்புக்கு அடியில உடைஞ்சது. மீதியெல்லாம் நேரா வர்றதுக்காக."

அவர் கொஞ்ச நேரம் ராக்கெட்டையும், கையைத் தூக்க முடியாமல் தொங்கவிட்டு நின்றவளையும், ஜீப்பில் நனைந்து கிடந்த மெத்தையையும் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகக் கணக்கு வாசிப்பது கறாருக்குக் கைவந்த கலை. பேனா நகர நகர அவள் உதடும் நகர்ந்தது.

வந்து சேர்ந்தது: 2969.
உடைந்தது: 30.

பேனா நின்றது. அவளும் நின்றாள். அவர் புதிதாக ஒரு வரி இழுத்துக்கொண்டார்.

சட்டையில்: 1.
ஆக மொத்தம்: 3000.