போகப் பதின்மூன்று, வரப் பதினைந்து

சர்வேயருக்கு முப்பது வருஷமாக நிலம் அளந்து பழக்கம். ஒரு வேலியைக் கிழக்கிலிருந்து அளந்தாலும் மேற்கிலிருந்து அளந்தாலும் ஒரே நீளம்தான் வர வேண்டும். வராவிட்டால் யாரோ திருடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால், நான்கு வருஷம் கழித்து மகளைப் பார்க்கப் போக எடுத்த விமான டிக்கெட்டைப் படித்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போகப் பதின்மூன்று மணி நேரம். திரும்பி வரப் பதினைந்து. தூரம் மட்டும் இரண்டுக்கும் பதினோராயிரத்து இருநூறு கிலோமீட்டர்.

மறுநாளே விமானக் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் நின்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "மேல காத்து ஒரே பக்கமா அடிக்கும் சார். போறப்ப முதுகுல தள்ளும், வர்றப்ப மூஞ்சில அடிக்கும்."

"அது காத்தோட சமாச்சாரம்மா. எனக்கு ரெண்டும் சமமா இருக்கணும்."

அவள் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுவிட்டு வந்து நான்கு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினாள். சர்வேயர் ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. கோரிக்கை ஏற்கப்பட்டது, இரண்டு பயணமும் சமமாக்கப்படும்.

"கேக்கற விதத்துல கேட்டா கெடைக்கும்," என்று கடிதத்தை மனைவியிடம் காட்டினார்.

"எதையாவது இழுத்து விட்டுடாதீங்க," என்றாள் அவள்.

பயணத்தன்று பதின்மூன்றாவது மணியில் மகளின் ஊர் ஜன்னலுக்குக் கீழே வந்தது. ஆறு, பாலம், அடுக்குமாடிகள். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆனால் விமானம் இறங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தது. விமானி அறிவித்தார்: "பயணி ஒருவரின் புகாரை ஏற்று, இன்றைய பயண நேரம் பதினைந்து மணி நேரமாக உயர்த்தப்பட்டுள்ளது. இன்னும் இரண்டு மணி நேரம் மேலேயே சுற்றுவோம்."

வரும்போது குறைப்பார்கள் என்றுதான் சர்வேயர் நினைத்திருந்தார். போகும்போது கூட்டுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"வாயத் தொறந்தீங்க, தொலைஞ்சோம்," என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

அவருக்கு மறுபக்கம் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். "எவன் சார் அவன்? கையில மட்டும் கெடைக்கட்டும்," என்று உள்ளங்கையில் குத்திக்கொண்டார்.

"வேலையத்தவனாத்தான் இருப்பான்," என்றார் சர்வேயர்.

பத்தொன்பதாவது முறையாகப் பாலத்தைக் கடந்தபோது மனைவி சத்தமில்லாமல் அழுதாள். "அவ கீழ நின்னுட்டு இருப்பா. கைக்கொழந்தையோட."

அதற்குமேல் அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்ப் பணிப்பெண்ணின் காதோரம் குனிந்தார். "அது நான்தாம்மா. வாபஸ் வாங்கிக்கறேன். எறக்கிடுங்க."

"வாபஸுக்குத் தனிப் படிவம் சார். ஆபீஸ்ல போய்த்தான் நிரப்பணும்."

"ஆபீஸ் எங்கம்மா?"

"கீழ."

பதினைந்தாவது மணியில் சக்கரம் தரையைத் தொட்டது. விமானி ஒரு காகிதத்தோடு கதவருகே வந்து நின்றார். "புகார் கொடுத்தவங்க யாருங்க? குறை தீர்ந்ததுன்னு ஒரு கையெழுத்து வேணும்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. பயிற்சியாளர் சட்டைக் கையை மடித்துவிட்டார். சர்வேயர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"நான்தான்," என்று மனைவி முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் பயிற்சியாளருக்குக் கை இறங்கிவிட்டது. "பாவம், என்ன கஷ்டமோ. பையக் குடுங்கம்மா," என்று வாங்கிக்கொண்டு, சர்வேயர் பக்கம் திரும்பி, "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா சார்?" என்றார்.

வெளியே மகள் கால் கடுக்க நின்றிருந்தாள். "ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"உங்கப்பாவக் கேளு."

சர்வேயர் பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன கனம் கனக்கறா," என்றார்.