புற்றுக்குள் மலை லில்லி

குருநாதன் அண்ணாச்சி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில்தான், அதுவும் குட்டை. அதனால் அவர்கள் வீட்டுச் சங்கதி எனக்குத் தெரிவதில் என் தப்பு எதுவும் இல்லை.

தாலுகா ஆபீஸில் ரிட்டயர் ஆன மனிதர். சும்மா இருக்க முடியாமல் கடையநல்லூருக்கு மேற்கே மலையேறி, காட்டு லில்லிக் கிழங்குகளைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். அப்புறம் அவற்றுக்கு நடந்த உபசாரம் சொல்லி மாளாது. அடியில் சரளைக்கல், மேலே மணலும் இலைமக்கும், தலைக்குப் பச்சை வலை. தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் இலையில் படாமல். கனகலட்சுமி மதினிக்கு அவர் இப்படி ஒரு குடைகூடப் பிடித்ததில்லை.

வெள்ளை வெளேரென்று பூத்தது. தை கழிந்ததும் தண்டு பழுத்துச் சாய்ந்தது. கிழங்கு தூங்குகிற பருவம் அது, காயவிட வேண்டும் என்று யூடியூபில் பார்த்திருந்தார் அண்ணாச்சி. மதினியிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் எதையும் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. செடிக்குச் சீக்கு என்று நினைத்துவிட்டாள் மதினி. சங்கரன்கோவில்காரி வேறு என்ன செய்வாள்? நமக்குத் தேமல் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் கோவில் புற்றுமண்தானே. அதையே குழைத்துப் பாத்தியில் அப்பிவிட்டாள்.

ஆவணியில் அங்கே இடுப்புயரத்துக்குப் புற்று நின்றது. அதன் ஓட்டைகள் வழியே லில்லிகள் எட்டிப்பார்த்தன, எல்லாமே வெயிலை விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி. தெருவே வந்து மஞ்சள் பூசிப் பால் ஊற்றியது. நானும்தான் ஊற்றினேன்.

“ஈரம் பட்டா கிழங்கு அழுகிரும்ட்டி. புத்த உடைக்கணும்” என்றார் அண்ணாச்சி.

“புத்த உடைப்பாவளா? கை வெளங்காமப் போயிரும்” என்றாள் மதினி.

உடைக்கவில்லை. கிழங்கை மட்டும் எடுத்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் ஓட்டைக்குள் முழங்கைவரை விட்டார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மதினி ஓடி வந்தாள். “பாம்பா?”

“பாம்பு இல்ல. உள்ள யாரோ கையப் புடிச்சிருக்காவ.”

“யாரு?”

“தெரியல. மெதுவாத்தான் புடிச்சிருக்கு. குளுகுளுன்னு இருக்கு.”

அவர் முகத்தில் பயமே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மதினி தோளைப் பிடித்து இழுத்தாள். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே யோசனை சொன்னேன். கை வரவில்லை.

“வீட்டுக்குள்ள வாங்க.”

“நீ போ. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

மதினிக்குக் கண் கலங்கியது. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். கன்னம் புற்றில் உரச மண்டியிட்டு, இன்னொரு ஓட்டைக்குள் தன் கையை விட்டாள். உள்ளே வளையல் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

“ஏ ராஜகுமாரி, அவுக கை ஆம்புட்டுட்டு, புடிச்சுக்கிட்டேன்” என்றாள் என்னிடம்.

அதே நேரம் அண்ணாச்சியின் கை இந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. வெளுத்துப்போய், மதில்வரைக்கும் பூவாசம் அடித்தது. எழுந்து நின்று தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மதினிக்கு அது தெரியவில்லை. மறுபக்கத்திலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது, கல்யாணப் பெண்ணின் குரல் மாதிரி.

“இம்புட்டு வருசத்துல ஒரு நாளாவது இப்படிப் புடிச்சிருக்கியளா? நான் விட மாட்டேன், பாத்துக்கிடுங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தெருவுக்கே சேதி சொல்லுகிற நான் மதிலுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.