அரைக்கட்டை

அண்ணனுக்கு உச்சத்தில் குரல் ஏறாது. அது அவனுக்கே தெரிந்துவிடாதபடி, எங்கள் ப்ளூஸ் ராக் குழுவில் கிட்டாரின் சுருதியை நான் அரைக்கட்டை இறக்கியே வைப்பேன். பேஸ் கிட்டார் வாசிப்பவரும் கமுக்கமாக இறக்கிக்கொள்வார். கார் ஷெட்டில் தொடங்கிய பாட்டு பெரிய அரங்குகளை நிரப்பியது. அவன் தலைகால் புரியாமல் ஆடினான்.

“கூட்டம் என் தொண்டைக்குத்தான் வருது. நீ சும்மா கம்பியைத் தடவுற ஆளு!” என்றான், எல்லோர் முன்னாலும்.

அன்றே குழு உடைந்தது. சுருதி இறக்கிய கதையைச் சொல்லாமலே கிட்டாரோடு வந்துவிட்டேன்.

நேற்று டிவியில் அவனுடைய தனிக் கச்சேரி. புது ஆட்கள், இறக்காத சுருதி. எங்கள் பழைய பாட்டின் உச்சத்தில் அவன் குரல் கிழிந்தது. கூட்டம் சிரித்தது. அவன் திரும்பி, மேடையில் நான் வழக்கமாக நிற்கும் பக்கம் பார்த்தான்.

வீட்டில், மடியிலிருந்த கிட்டாரின் கம்பிகளை நான் அவசர அவசரமாக இறக்கிக்கொண்டிருந்தேன்.