சரக்குப் பெட்டியின் கதவைச் சாத்தியவர்

நினைவிடக் குழுச் செயலாளருக்கு எல்லாமே உருக்கமாக இருக்க வேண்டும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலத்தில் பட்டாளம் இந்த ஊர் ஜனங்களை அடைத்து நாடுகடத்திய சரக்கு ரயில்பெட்டியைத் தேடிப்பிடித்து, வண்ணம் அடித்து, உள்ளே ஏசியும் மாட்டியிருந்தார். மூச்சு முட்டிச் செத்தவர்களின் நினைவுக்கு ஏசி!

அதில் போய் உயிரோடு திரும்பியவர்களில் மிச்சம் என் பெரியம்மா ஒருத்திதான். அப்போது அவளுக்கு ஏழு வயது. அவள் பேச்சைப் பதிவு செய்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: கதவைச் சாத்தியது யார் என்பது அதில் வர வேண்டும். சாத்தியது சிப்பாய் இல்லை, தினமும் அவர்கள் வீட்டுக்குப் பால் ஊற்றியவர்.

திறப்பு விழாவன்று போய்ப் பார்த்தால், அந்தப் பதிவில் பால்காரரைக் காணோம். வெட்டிவிட்டார்கள். அவர் சொன்னது மட்டும் பெட்டிச் சுவரில் முழ நீள எழுத்தில் இருந்தது: “விரலைப் பார்த்துக்கோம்மா.” கீழே, “இருளிலும் ஒரு மனிதக் குரல்.”

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“விரல் நசுங்கிடப் போகுதுன்னு இதைச் சொல்லிட்டுத்தான்பா அவர் வெளியே தாழ் போட்டார்,” என்றாள் செயலாளரிடம்.

“தெரியும்மா. ஆனா அவர் குடும்பம் முன்வரிசைல உட்கார்ந்திருக்கு. அவங்க மனசு நோகக் கூடாது பாருங்க.”

“எங்க மனசு மட்டும் என்ன இரும்பா?” நான் கத்தியேவிட்டேன். “சொன்ன ஆளை மறைச்சிட்டு, சொன்னதை மட்டும் மாட்டி வெச்சிருக்கீங்களே!”

“எல்லாரும் அந்த வரியிலதாம்மா அழறாங்க,” என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பெரியம்மா கத்தவில்லை. பெட்டி வாசலில் போய் நின்றுகொண்டாள். ஏறுகிறவர்களிடமெல்லாம், “கதவைச் சாத்தினது எங்க பால்காரர்,” என்றாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் போனை நோண்டினார்கள். செயலாளர் நாற்காலி கொண்டுவந்து போட்டுக் கெஞ்சினார். அவள் உட்காரவில்லை.

முன்வரிசையிலிருந்து பால்காரரின் பேத்தி எழுந்து வந்தாள். பெரியம்மா குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவளிடமும் அதையே சொன்னாள்.

அந்தப் பெண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க யாரு என்னன்னு தெரியாமத்தான் தாத்தா...” என்று இழுத்தாள்.

“தெரியாம என்ன? அந்த வரியில ‘அம்மா’ன்னு இவங்களா போட்டுக்கிட்டாங்க. உங்க தாத்தா என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.”